காணாக்கடி மாப்ளே

வாரும் மாப்ளே, வாரும். கொடைக்கு வந்தீரா, கோர்ட்டுக்கு வந்தீரா? கக்கத்துல ஃபைலு இருக்கே, அதான் கேட்டேன். இந்தத் தண்டி ஃபைலை எங்க சித்தப்பா பாகப்பிரிவினை வழக்குல பாத்தது. அதுலகூட இத்தனை முத்திரை கிடையாது.

உக்காரும். சொறியணும்னா சொறியும், மாமன் முன்னால என்ன கூச்சம்? இந்தத் திண்ணைத் தூணைத் தடவிப் பாரும். நடுவுல மட்டும் கண்ணாடி கணக்கா வழவழன்னு இருக்கா? ஆசாரி போட்ட மெருகுன்னு நினைச்சிராதீரும். ரெண்டரை வருசம் உங்க மாமன் முதுகு போட்ட மெருகு அது.

உங்கம்மா போன்ல அழுதா. ஆறு மாசமா உமக்குச் சாயங்காலமானா தடிக்குது, விடியுமுன்ன அமுங்குது, மறுநாள் வேற எடத்துல கிளம்புது, எதனாலன்னு ஒரு டாக்டருக்கும் தெரியலையாம். அதனால நீரே துப்புத் துலக்க இறங்கிட்டீராம். கத்தரிக்காய் போச்சு. கருவாடு போச்சு. முட்டை, நிலக்கடலை, தக்காளி, மாங்காய் எல்லாம் போச்சு. சோப்பை மாத்தினீரு, மெத்தையை மாத்தினீரு, வாடகை வீட்டையே மாத்தினீராம். இனி மாத்துறதுக்கு எம் மக ஒருத்திதான் பாக்கி. ஃபைலும் கையுமா நீரு வாசல்ல வந்து நிக்கவும் எனக்குப் பகீர்னு ஆயிட்டு.

ரொம்பச் சரி. ஆனா ரெண்டு மூணு எடத்துல கோட்டை விட்டிருக்கீரு. நான் அனுபவஸ்தன், சொல்லித் தாரேன், கேட்டுக்கிடும்.

மொதல்ல எருமையை விக்கணும். உம்மகிட்ட எருமை இல்லியா? அப்ப பைக்கை வித்திரும். எனக்கு அறுபதாவது வயசுல இது வந்தப்ப, எருமை மேல இருக்க உண்ணிதான் கடிக்குதுன்னு அடுத்த தெரு வைத்தியர் ஒருத்தர் சொன்னாரு. நேரத்துக்கு நாலு லிட்டர் கறந்த எருமை. பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். எனக்குத் தடிப்பு குறையல. வாங்கிட்டுப் போன வீட்டுல ஒரு ஆளு சொறியல. தயிரும் நெய்யுமாத் தின்னு அவன் புள்ளைக மூணும் பீமன் மாதிரி வளர்ந்து நிக்கி. இன்னைக்கும் அந்தத் தெரு வழியாப் போனா உங்க அத்தை அந்த வீட்டைப் பாத்துட்டு என்னைப் பாப்பா. அந்தப் பார்வைக்கு மாத்திரை கிடையாது மாப்ளே.

அடுத்து அக்கி எழுதணும். நான் போனேன். பக்கத்து ஊரு வேளார், வயசாளி, காவியைக் குழைச்சு வெச்சுட்டு என்னைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "போஸ்ட் மாஸ்டரே, அக்கின்னா ஒரு பக்கமா, பட்டையா, கொப்புளமா வரும். எரியும், குத்தும். உமக்கு ஊரு பூரா ஓடுதே, இது அக்கி கிடையாது"ன்னுட்டாரு. காசும் வாங்கல. அந்த ரெண்டரை வருசத்துல 'இது என் வேலை இல்ல'ன்னு சொன்ன மொத ஆளு அவருதான். அவரு பேச்சைக் கேட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா நான் புத்திசாலி. நான் போனது மருந்துக் கடைக்கு.

கடைக்காரத் தம்பி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுத்தான். என்ன சீட்டு, யாரு எழுதினான்னு ஒரு கேள்வி கிடையாது. போட்ட ராத்திரியே தடிப்பு இருந்த எடம் தெரியல. அட, தெய்வமேன்னு கும்பிட்டேன். நாலு நாள் நிறுத்தினேன், முந்தியவிட மூர்க்கமா வந்துச்சு. மறுபடி போட்டேன். இப்படியே அஞ்சு மாசம். முகம் முழுநிலா கணக்கா உருண்டுச்சு. ஊருல எல்லாரும், "மாமா, நல்லாத் தேறிட்டீகளே"ங்காக. எனக்கும் பெருமை. சர்க்கரையைச் சோதிச்சப்பதான் தெரிஞ்சுது தேறினது எதுன்னு. ஸ்டீராய்டு மாப்ளே. டாக்டரு கண்காணிப்புல, தடிப்பு ரொம்ப முத்தினா, சில நாளைக்கு மட்டும் தர்ற சரக்கு. அதைத்தான் நான் தேங்குழலு கணக்கா நொறுக்கியிருக்கேன். மாசக்கணக்காத் தின்னவன் சட்டுனு நிறுத்தவும் கூடாதாம், படிப்படியா இறக்கணுமாம். ஏறும்போது ஏணி, இறங்கும்போது வழுக்குமரம்.

டியூபு களிம்பு கதை தெரியுமா? நம்ம தண்ணித்தொட்டித் தெரு டெய்லருக்குத் தொடையிடுக்குல படர்தாமரை. கடையில ஸ்டீராய்டு சேத்த ஒரு மூணு கலவைக் களிம்பு வாங்கித் தடவினாரு. அரிப்பு மட்டும் நின்னுச்சு, பூஞ்சை உள்ளுக்குள்ள குடும்பம் குட்டியோட பெருகி இடுப்பைச் சுத்தி வந்துட்டு. இந்த மாதிரிக் களிம்புகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-ல அரசாங்கமே ஷெட்யூல் எச் பட்டியல்ல சேத்துச்சு. சட்டம் டெல்லியில இருந்து இங்க வர நாளாகும். நம்ம தபாலைவிடக் கொஞ்சம் மெதுவு. உமக்கு வந்திருக்கது படர்தாமரை இல்ல. ஆனா உம்ம பை ஓரத்துல ஒரு டியூபு துருத்திக்கிட்டு இருக்கதைப் பாத்தேன், அதான் சொன்னேன். எடுத்து மறைக்காதீரும், பாத்தாச்சு.

கடைசியா உங்க அத்தை என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. எத்தனை மணிக்கு? காலையில ஒன்பது. உடம்புல ஒரு தடிப்பு கிடையாது! ராத்திரி பூரா இலங்கையை எரிச்ச கணக்கா எரிஞ்ச உடம்பு, டாக்டரம்மா முன்னால சட்டையைக் கழட்டினா சந்தனம் பூசின மாதிரி குளுகுளுன்னு இருக்கு. பஞ்சாயத்துல கூப்பிட்டதும் காணாமப் போற சாட்சியைப் பாத்திருக்கீருல்ல, அதேதான். எனக்கு மானம் போச்சு. அந்தம்மா சிரிச்சாக. "வந்த எடத்துல ஒரு நாளைக்குள்ள அடையாளமில்லாம மறைஞ்சிருதா? அதுதான் இதோட அடையாளமே"ன்னாக. அப்புறம் ஒரு மழுங்கின குச்சியை எடுத்து முதுகுல சர்ருன்னு ஒரு கோடு இழுத்தாக. கொஞ்ச நேரத்துல அந்தக் கோடு அப்படியே எழும்பி நிக்கி! சில பேருக்கு இதுவும் கூடவே இருக்குமாம்.

அதைப் போயி வீட்டுல சொன்னது என் தப்பு. ஒரு மாசத்துக்கு என் பேரன் பேத்திக ரெண்டும் என் முதுகைச் சிலேட்டாக்கிருச்சு. உங்க அத்தை அவ பங்குக்கு ஊக்கால பால் கணக்கு எழுதிப் பாத்தா. ஆறு நாளைக்கு அரை லிட்டர். எருமையை வித்த முதுகுல விலைக்கு வாங்குற பால் கணக்கு.

டாக்டரம்மா நோய்க்குப் பேரு சொன்னாக. ஆறு வாரத்துக்கு மேல விடாம வந்தா நாள்பட்டதாம். காரணம் வெளிய தெரியாம தானா வந்தா அதுக்கு ஒரு நீள இங்கிலீசுப் பேரு. 'அர்ட்டிகேரியா'ன்னு முடியுது. அப்படின்னா என்னம்மான்னு கேட்டேன். லத்தீன் பாசையில செந்தட்டி மாதிரி ஒரு செடியோட பேருல இருந்து வந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. செந்தட்டியை எனக்குத் தெரியாதா? அஞ்சாப்பு படிக்கும்போது வாத்தியார் நாக்காலியில தேச்சவன்ல நான். அந்தப் பாவந்தான் இப்ப வந்திருக்கோன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். பாரும், காரணம் தேடுற புத்தி எப்படி ஓடுதுன்னு.

நம்ம பாட்டன்மாரு இதுக்கு வெச்ச பேரு காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத என்னமோ கடிச்சிருக்கு. அவுகளும் 'தெரியல'ன்னுதான் சொல்லியிருக்காக, கொஞ்சம் மரியாதையா. டாக்டரம்மா அதுக்கும் ஒரு படி மேல போனாக. கடிச்சதே வெளி ஆளு இல்லையாம்! தோலுக்குள்ள மாஸ்ட் செல்லுன்னு ஒண்ணு இருக்கு. 1878-ல பால் எர்லிக்னு ஒரு ஜெர்மன்கார இளவட்டம் படிப்பு முடிக்கும்போது எழுதின கட்டுரையில அதுக்குப் பேரு வெச்சாராம். உள்ள குருணை குருணையா ரொம்பிக் கிடக்கவும், தின்னு கொழுத்த செல்லுன்னு அர்த்தம் வர்ற மாதிரி. அந்தக் குருணைக்குள்ள ஹிஸ்டமின். பை வெடிச்சு அது கொட்டினா ரத்தக்குழாய் கசிஞ்சு தோலு வீங்கும், அரிக்கும். யாரு வெடிக்க வைக்கான்னு கேட்டா, நிறையப் பேருக்கு அவங்க ரத்தத்துல இருக்க எதிர்ப்புச் சக்தியேதானாம். தெருவைக் காக்க வெச்ச கூர்க்கா நம்ம வீட்டு ஓட்டு மேலயே கல்லெறியான். நீரு என்னடான்னா கத்தரிக்காயை நிக்கவெச்சு விசாரிக்கீரு.

நான் முப்பத்தெட்டு வருசம் கிளைத் தபாலாபீஸ் நடத்தினவன். நாட்பெய்டு தபால் எத்தனை பாத்திருப்பேன். ஸ்டாம்பும் இருக்காது, சில கவர்ல அனுப்புனர் பேரும் இருக்காது. வாங்குறவன் ரெட்டைக் காசு கட்டணும். நம்ம ஊருல ஒருத்தர், பேரு வேண்டாம், அப்படி வந்த மொட்டைக் கடுதாசியை எவன் எழுதினான்னு கண்டுபிடிக்க வீடு வீடா நோட்டை வாங்கிக் கையெழுத்துப் பாத்தாரு. நாலு மாசம். அந்த வருசம் அவரு காட்டுல வெதைப்பே இல்ல. கடுதாசியில என்ன எழுதியிருந்துச்சு? "நீர் ஒரு சோம்பேறி"ன்னு.

உம்ம ஃபைலைக் காட்டும். அம்மாடி! இருநூத்துச் சொச்சம் சரக்குக்கு ரத்தம் எடுத்துச் சோதிச்சிருக்கீரே. மளிகைக்கடைச் சிட்டை கெட்டுது. இந்தா, கோதுமை ஆகாதுன்னு போட்டிருக்கான். நேத்து ராத்திரி எத்தனை சப்பாத்தி? நாலா? தடிச்சுதா? இல்லையா! அப்ப கோதுமை லீவுல இருந்துச்சோ? பரிசோதனையில பேரு வர்றது வேற, தின்னா ஒத்துக்காம வர்றது வேற. சாப்பாட்டால வர்றதுன்னா தின்ன சில நிமிசத்துல, மிஞ்சினா ரெண்டு மணி நேரத்துல, தின்னும்போதெல்லாம் வரும். மாசக்கணக்கா நித்தம் வந்து போற இந்தத் தடிப்புக்குச் சாப்பாடு காரணமா இருக்கது ரொம்ப அபூர்வம். எனக்கு டாக்டரம்மா எழுதினது ரத்த அணுக் கணக்கு, ஈ.எஸ்.ஆர்., ஐ.ஜி.இ., தைராய்டு. ஒரு துண்டுச் சீட்டு. உமக்கு ஆன செலவுல எருமைக்கு முன்பணமே குடுத்திருக்கலாம்.

அரிப்பு மாத்திரையை எப்படிப் போடுதீரு? தடிச்சா மட்டுமா? சபாஷ். வெள்ளாடு காட்டுக்குள்ள இறங்கி உளுந்தைப் பாதி மேஞ்ச பெறகு படலைச் சாத்துத ஆளு நீரு. ஹிஸ்டமின் வந்து உக்காருத எடத்துல முந்தியே போயி உக்காந்துக்கிடத்தான் அந்த மாத்திரை. தடிச்சாலும் தடிக்காட்டாலும் நித்தம் ஒரே நேரத்துக்குப் போடணும். ஒண்ணுல அடங்கலேன்னா ரெண்டு, நாலு மடங்கு வரைக்கும்கூட டாக்டருக ஏத்துவாக. அவுக ஏத்துவாகங்கேன், நீரு ஏத்தாதீரும். செட்ரிசின், ஃபெக்ஸோபெனடின்னு இப்ப இருக்கதெல்லாம் பழசைவிடத் தூக்கம் கம்மி. அந்தக் காலத்து அவில் மாத்திரையைப் போட்டுட்டு நான் ஒரு நாள் மணியார்டர் ஃபாரத்து மேலயே தூங்கி, முத்திரை மை கன்னத்துல பதிஞ்சு, நானே தபாலாக் கிடந்தேன்.

நாலு மடங்குக்கும் அடங்காதவுகளுக்கு ஒமலிசுமாப்னு ஒரு ஊசி இருக்கு. அமெரிக்காவுல 2014-ல இந்த நோய்க்கு அனுமதிச்சாக. நாலு வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கு அடியில போடுறது. நிறையப் பேருக்கு நல்லாவே கேக்குதாம். விலையைக் கேட்டா மட்டும் அதுக்கே தனியா ஒரு தடவை தடிக்கும்.

முழங்கால் வலி, தலைவலின்னு நீரா வாங்கிப் போடுற மாத்திரையை டாக்டருகிட்ட சொன்னீரா? ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக் வகையறா சில பேருக்கு இதைக் கிளப்பிவிடும். எனக்குக் கிளப்புச்சு. அதுக்காக நெஞ்சுக்குப் போடச் சொன்ன ஆஸ்பிரினைத் தானா நிறுத்துற மகாபுத்திசாலியும் நம்ம தெருவுல உண்டு. கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்துறதை விடும். இடுப்பு அறுகுற மாதிரி பெல்ட்டு போட்டிருக்கீரே, அந்த வட்டத்துல தடிப்பு கூடுதலா இருக்கும், பாரும். வேட்டி எதுக்கு இருக்கு?

இப்ப ஒண்ணு சொல்லுதேன், இதுல விளையாட்டு கிடையாது. உதடு, கண்ணுரெப்பை வீங்கினா டாக்டருகிட்ட சொல்லும், அது இதோட சேந்து வர்றதுதான். ஆனா நாக்கு தடிச்சு, தொண்டை அடைச்சு, குரல் கம்மி, மூச்சு இழுத்து, தலை சுத்திச்சுன்னா மந்திரிக்கப் போகப்படாது, வெத்திலையில மிளகை வெச்சு மெல்லப்படாது. 108. உடனே. அதே மாதிரி ஒரே எடத்துத் தடிப்பு ஒரு நாளுக்கு மேல நின்னு, அரிக்கதைவிட வலிச்சு, கன்னிப்போன கறை விட்டுட்டுப் போனாலோ, கூடவே காய்ச்சல், மூட்டு வலி வந்தாலோ அது வேற சங்கதி. தோலைத் துணுக்கு எடுத்துப் பாப்பாக. காலம்பர சாட்சி ஓடிப்போவான்னு சொன்னேன்ல, ராத்திரியே போன்ல படம் எடுத்து வெச்சுக்கிடும். அப்ப எங்கிட்ட அது இல்ல. நான் போட்டோ ஸ்டுடியோவுக்கா ஓட முடியும், முதுகைக் காட்டிக்கிட்டு?

சரி, உள்ள வாரும். அந்தக் கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குதே பழைய காலண்டருக, மூணு வருசத்து அட்டை. எடும். ஒவ்வொரு கட்டத்துலயும் பொடிசா நம்பர் இருக்கா? டாக்டரம்மா சொல்லிக் குடுத்த கணக்கு. தடிப்பு இல்லேன்னா 0. இருபதுக்குள்ளன்னா 1. ஐம்பது வரைக்கும் 2. அதுக்கு மேல 3. நமைச்சலுக்குத் தனியா: இல்ல 0, லேசு 1, தொந்தரவுதான் ஆனா தாங்கலாம்னா 2, தூக்கமும் சோலியும் கெட்டா 3. ரெண்டையும் கூட்டினா ஒரு நாளைக்கு மிஞ்சிப்போனா ஆறு. வாரத்துக்கு 42. ஆறோ அதுக்குக் கீழயோ வந்தா நோய் கைக்குள்ள இருக்குன்னு அர்த்தம். மாத்திரையைக் கூட்டவா குறைக்கவான்னு டாக்டரம்மா இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாக. எனக்கும் அதுக்குப் பெறகு கத்தரிக்காய் மேல சந்தேகம் வரல. கத்தரிக்காய் தின்ன நாள்ல 1, திங்காத நாள்ல 4. பாவம், அது மேல எத்தனை பழி.

இங்க பாரும். ஆரம்பத்துல வாரத்துக்கு 38, 40. அப்புறம் நித்தம் மாத்திரை போட ஆரம்பிச்சதும் 25. டோஸை ஏத்தினதும் 12. ரெண்டாவது வருசம் ஆடியில இருந்து 5, 4, 2. அடுத்த தையில சுத்தமா சுழி. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினாக, சுழி சுழியாவே நின்னுச்சு. அதோட வயசு முடிஞ்சுது, போயிட்டு. ஒரு வருசத்துல போறதும் உண்டு, அஞ்சு வருசம் இழுக்கிறதும் உண்டு, வர்றப்ப சொல்லாதது போறப்பவும் சொல்லாதாம்.

ஆனா ஊருக்குள்ள கேட்டுப் பாரும். அந்த வருசம் மார்கழியில உங்க அத்தை அம்மனுக்கு வெள்ளியில உடம்பு உரு வாங்கிப் போட்டா. தையில அரிப்பு நின்னுச்சு. அம்மன் கண்ணைத் திறந்துட்டான்னு அவ. நான் மந்திரிச்ச கயிறுன்னு ஒரு சாமியாடி. நான் குடுத்த சூரணம்னு எருமையை விக்கச் சொன்ன அந்த வைத்தியர், இன்னும் என் பேரைச் சொல்லித்தான் பொட்டணம் விக்காரு. போற நோய்க்குக் கடைசியா வாசல்ல நின்னவன் எல்லாம் வழியனுப்பி வெச்சதாச் சொல்லிக்கிடுதான். ஆடியிலயே இறங்கிட்டுன்னு இந்தக் காலண்டரு சொல்லுது. நான் இதை உங்க அத்தைகிட்ட இன்னைக்கு வரைக்கும் காட்டல. காட்டினா எனக்கு மறுபடியும் தடிக்கும், அது கரண்டியால தடிக்கிற தடிப்பு. நீரும் வாயைத் திறக்காதீரும். அம்மனுக்கு ஒரு வெள்ளித் தகடு போனதுல எனக்கு என்ன நட்டம்? எருமை போனதுலதான் நட்டம்.

வாசம் வருதா? மஞ்சக் கத்தரிக்காயும் சாளைக் கருவாடும். உமக்குன்னு சொல்லித்தான் வெச்சிருக்கா, நீரு பத்தியம்னு அவளுக்குத் தெரியும், இருந்தும் வெச்சிருக்கா. எம் மகளும் அங்கதான் நிக்கா, நீரு தட்டைத் தள்ளுதீரா இழுக்கீரான்னு பாக்க. ஃபைலை அந்தக் குலுக்கை மேல வையும், எலி தின்னாத் திங்கட்டும், அதுக்கு அலர்ஜி இருக்கான்னும் பாத்துருவோம். மாத்திரை நேரம் எட்டு மணியா? நானே எடுத்துத் தாரேன். இந்த வருசத்துக் காலண்டருல இன்னைக்குக் கட்டத்தை வெறுசா விட்டிருக்கேன். படுக்கப் போகும்போது எண்ணிட்டு நீரே எழுதும். பேனா எரவாணத்துல சொருகியிருக்கு.